உறைந்து நிற்பது பேயா, நோயா? விடை தேடிய டாக்டர் கால்பாம் யார்?

பேச்சில்லை, சாப்பாடில்லை. தூக்கிவிட்ட கை அந்தரத்திலேயே நிற்கும். நம்மூரில் காத்து கருப்பு அடிச்சிருச்சு என்பார்கள். இந்த நிலைக்கு 1874-ல் 'கேட்டடோனியா' எனப் பெயர் வைத்தவர், ஜெர்மன் மருத்துவர் கார்ல் கால்பாம்.

1828-ல் பிறந்த அவர், கெர்லிட்ஸ் நகரில் மனநல மருத்துவமனை நடத்தினார். நோயாளிகளைக் கூர்ந்து கவனித்து, இது மூளை நோய் என்றார். 1899-ல் மறைந்தார்.

பிறகு எமில் கிரெப்பெலின் இதை மனச்சிதைவு நோயின் ஒரு வகையாகச் சேர்த்தார். பல பத்தாண்டுகள் அந்தக் கருத்தே நிலைத்தது.

மனநோய் மட்டுமல்ல, மூளை அழற்சி, வலிப்பு, சில மருந்துகளும் காரணமாகலாம் என்பது இன்று உறுதி. லோராசெபாம் கொடுத்ததும் சிலர் சில மணி நேரத்திலேயே பேசிடுறாங்க. தண்ணிகூட குடிக்காம கிடந்தா உயிருக்கே ஆபத்து. அதனால பூசாரிக்கு முன்னாடி ஆஸ்பத்திரி!