விசுவாச வீரர்கள்: தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியார்

ஷூ கம்பெனியில் ஷிப்ட் முடிஞ்சு களைச்சு வரும்போதும் நம்ம வாயில் ஒரு கீர்த்தனை தானா வருதே! கேசட்டும் ரேடியோவும் இல்லாத நாளில், பனையோலையில் எழுத்தாணியால் அப்படிப்பட்ட பாட்டுகளை எழுதித் தந்த ஒரு தேவ மனிதரின் சரித்திரம் இது.

1774 செப்டம்பர் 7ல் திருநெல்வேலியில் பிறந்தவர் வேதநாயகம். தகப்பனார் தேவசகாயம் ஒரு உபதேசியார். திருநெல்வேலிக்கு வந்த சுவார்ட்ஸ் ஐயர், சிறுபையனுடைய தாலந்தைக் கண்டு தஞ்சாவூருக்கு அழைத்துப்போய் வளர்த்தார். இளவரசர் சரபோஜியும் அதே ஐயரின் பராமரிப்பில் இருந்ததால் இருவரும் சிநேகிதரானார்கள். வாலிப வயசிலேயே வேதநாயகம் பள்ளிக்கூடத் தலைமை ஆசிரியரானார்.

1800ல் பெத்லகேம் குறவஞ்சியை இயற்றினார். ஊர் ஜனங்கள் ரசித்த குறவஞ்சிப் பாட்டு முறையையே எடுத்து, சீயோன் குமாரத்தி ஆண்டவர்மேல் வைத்த அன்பைப் பாடினார். ராஜாவாகிவிட்ட சரபோஜி, தன் தெய்வத்தின்மேலும் பாடும்படி கேட்டாராம். சாஸ்திரியார் பணிவோடு மறுத்துவிட்டார் என்று சபை மரபு சொல்லுகிறது. ஆனாலும் சிநேகம் முறியவில்லை.

பெரிய சோதனை அரண்மனையிலிருந்து வரவில்லை, சபைக்குள்ளேயே வந்தது. புதிதாய் வந்த மிஷனெரிமார் தமிழ்க் கீர்த்தனைகளை ஒதுக்கப் பார்த்தார்கள். சாஸ்திரியார் எதிர்த்து நின்றார். 1829ல் வேலை போயிற்று. அப்போது ஆதரித்தவர் சரபோஜி மன்னர்தான்.

இன்னொன்றையும் மறைக்கக் கூடாது. எல்லா ஜாதியாரும் கலந்து உட்கார்ந்து திருவிருந்து எடுக்க வேண்டும் என்று அதே மிஷனெரிமார் சொன்னார்கள். அதையும் சாஸ்திரியார் எதிர்த்தார். பாட்டு விஷயத்தில் நியாயம் அவர் பக்கம். பந்தி விஷயத்திலோ சுவிசேஷம் மிஷனெரிமார் பக்கம். தோல் வேலை செய்கிற கை என்று தள்ளி வைக்கப்பட்டவர்களின் பிள்ளைகளுக்கு இதை விளக்கத் தேவையில்லை. தேவன் பயன்படுத்தின பாத்திரத்திலும் கீறல் உண்டு. மகிமை பாத்திரத்துக்கல்ல, கர்த்தருக்கே!

1864 ஜனவரி 24ல், 89ஆம் வயதில் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். அவர் பாட்டுகள் இன்றும் கீர்த்தனைப் புத்தகத்தில் இருக்கின்றன. தேவ ஜனமே, அவர் தந்த பாட்டைப் பாடுவோம். ஆனால் எல்லாரும் ஒரே பாயில் உட்கார்ந்து பாடுவோம். அல்லேலூயா!