கூடாரத்தில் விரிந்த வெண்திரை: சாமிக்கண்ணு வின்சென்ட்

மலைக்கோட்டையைச் சூழ்ந்த தெருக்களிலும் காவிரி நடுவே திருவரங்க வீதிகளிலும் கதாகாலட்சேபமும் நாடகமும் கூத்துமே இரவுப் பொழுதை ஆண்டுகொண்டிருந்த காலம். 1905ஆம் ஆண்டில் டுபாண்ட் என்னும் பிரெஞ்சுக்காரர், படம் காட்டும் கருவியோடும் சில சுருள்களோடும் திருச்சிராப்பள்ளிக்கு வந்து சேர்ந்தார். உடல்நலம் குன்றவே தாயகம் திரும்ப எண்ணி, அவற்றை விற்க முன்வந்தார்.

வாங்கியவர் செல்வந்தர் அல்லர். 1883இல் கோயம்புத்தூரில் பிறந்து, திருச்சியில் தென்னிந்திய ரயில்வே அலுவலகத்தில் பணியாற்றிவந்த 22 வயது இளைஞர் சாமிக்கண்ணு வின்சென்ட். சுமார் 2,000 ரூபாய் என்பது அந்நாளில் ஓர் எழுத்தரின் சில ஆண்டுச் சம்பளம். அதைத் திரட்டிக் கொடுத்தார். மாதச் சம்பளத்தையும் துறந்தார். ரயில்வே உத்தியோகம் கிடைத்தால் குடும்பமே கரையேறியதாகக் கருதிய நாளில் இத்துணிவு எளிதன்று.

இயேசுநாதரின் வாழ்வைக் காட்டும் படமும் சில துண்டுப் படங்களுமே அவருடைய கைமுதல். ஊருக்கு ஊர் கூடாரம் அடித்தார். கருவியைக் கையால் சுழற்றி, திரையில் உருவங்களை நடமாடச் செய்தார். பேசாத படத்துக்கு மொழி தடையாகவில்லை. வடமேற்கே பெஷாவர் வரையிலும், கடல் கடந்து பர்மா, மலேயா நாடுகளுக்கும் அவர் கூடாரம் சென்றது. 1914இல் கோயம்புத்தூரில் வெரைட்டி ஹால் என்னும் திரையரங்கை எழுப்பினார். 1933இல் வெளிவந்த வள்ளி திருமணம் பேசும்படத்தின் தயாரிப்பிலும் பங்கு கொண்டார். 1942இல் மறைந்தார்.

அக்காலத்துச் சுருள்கள் எளிதில் தீப்பற்றும் நைட்ரேட்டால் ஆனவை. ஓட ஓடத் தேய்பவை. முதல் தமிழ்ப் பேசும்படமான காளிதாஸ் (1931) படத்துக்கே இன்று பிரதி இல்லை. ஆனால், வின்சென்ட் ஊர் சுற்றிய நாளில், 1908இல், பாரிசில் எமில் கோல் சுமார் 700 சித்திரங்களால் ஆக்கிய கார்ட்டூன் படம் பிழைத்திருக்கிறது. அது இரண்டு நிமிடமும் ஓடாது. பாத்தே நிறுவனம் அக்காலத்தில் எடுத்து வண்ணம் தீட்டிய இயேசு வரலாற்றுப் படமும் டி.வி.டி. வட்டாக இல்லங்களுக்கு வந்துவிட்டது. அங்கே அவற்றைப் பேணியோர் இருந்தனர்.

ஏடு தேடி அலைந்த உ.வே. சாமிநாதையரால் சங்க நூல்கள் பல நமக்கு வாய்த்தன. தமிழ்த் திரைச்சுருளுக்கு அத்தகைய ஒருவர் உரிய காலத்தில் வாய்க்கவில்லை. வின்சென்டின் பெயரைச் சொல்லும்போது இவ்விழப்பையும் சேர்த்தே எண்ண வேண்டும். ஒரு கலையை ஊருக்குக் கொண்டுவருவது ஒருவரின் துணிவால் கூடும். அதைக் காப்பது ஊராரின் கடமை.