துயரில் துணை வந்த நூல்: புனித தேவசகாயத்தின் வாழ்வு தரும் பாடம்



நமது யூபிலி மலருக்குப் புனிதர் ஒருவரின் வரலாற்றை எழுதித் தருமாறு மலர்க் குழுவினர் நம்மைக் கேட்டுக்கொண்டனர். யாரை எழுதுவது என நாம் நெடுநேரம் எண்ணவில்லை. கடல் கொண்டது போக, புயல் கொண்டது போக, வெள்ளம் கொண்டது போக, மிஞ்சியதை வைத்து மீண்டும் மீண்டும் குடும்பம் நடத்தி வருபவர்கள் கடலூர், சிதம்பரம் வட்டார மக்கள். இவர்களுக்கு, இழப்பினால் மனம் ஒடிந்து, ஒரு நூலினால் மனம் தேறிய ஒருவரின் வாழ்வே ஏற்றதெனக் கண்டோம். அவர்தாம் மறைசாட்சி புனித தேவசகாயம்.

இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்து நட்டாலம் என்னும் ஊரில், 1712ஆம் ஆண்டு ஏப்ரல் 23ஆம் நாள் அவர் பிறந்தார். அக்காலத்தில் அப்பகுதி திருவிதாங்கூர் அரசைச் சேர்ந்தது. தந்தை வாசுதேவன் நம்பூதிரி. தாய் தேவகி அம்மாள். பெற்றோர் இட்ட பெயர் நீலகண்டன். வசதியும் செல்வாக்கும் நிறைந்த குடும்பம். கல்வியும் போர்ப் பயிற்சியும் பெற்று வளர்ந்த அவர், மன்னர் மார்த்தாண்ட வர்மரின் ஆட்சியில் பத்மநாபபுரம் அரண்மனையில் அலுவலரானார். பார்கவி அம்மாளை மணந்தார். ஊர் மதித்தது, அரண்மனை நம்பியது. குறையென்று சொல்ல ஒன்றுமில்லை.

அந்த வாழ்வில் இடி விழுந்தது. கால்நடைகள் மாண்டன. சொத்துகள் கைவிட்டுப் போயின. பட்ட காலிலே படும், கெட்ட குடியே கெடும் என்று நம் பெரியவர்கள் சொல்வார்களே, அதுபோல ஒன்றன்பின் ஒன்றாக இழப்புகள் வந்தன. அலுவலுக்கு வந்தாலும் அவரால் தம் முகவாட்டத்தை மறைக்க இயலவில்லை.

அந்த வாட்டத்தைக் கவனித்து, அருகில் வந்து காரணம் கேட்டவர் ஓர் அயல்நாட்டவர். அவர் பெயர் டிலனாய். டச்சுக்காரர் படையில் தலைவராக வந்து, 1741ஆம் ஆண்டு குளச்சல் போரில் திருவிதாங்கூர்ப் படையிடம் பிடிபட்டவர். மன்னர் அவரது திறமையைக் கண்டு, தம் படைக்குப் பயிற்சி அளிக்கும் பொறுப்பை அவரிடம் ஒப்படைத்திருந்தார். சொந்த நாட்டையும் உறவையும் இழந்து, தோற்ற படையின் கைதியாய் அந்நிய மண்ணில் நின்ற அந்தக் கத்தோலிக்கருக்கு, இழப்பு என்றால் என்னவென்று யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

அவர் நீலகண்டனுக்கு அறிவுரை கூறவில்லை. பழைய ஏற்பாட்டின் யோபு நூலை எடுத்துச் சொன்னார்.

யோபு நேர்மையாளர். ஏழு புதல்வர், மூன்று புதல்வியர், ஏழாயிரம் ஆடுகள், மூவாயிரம் ஒட்டகங்கள் என்று நிறைவாக வாழ்ந்தவர். ஒரே நாளில் மந்தைகளும் மக்களும் போயினர். பிறகு உடலெல்லாம் புண். நண்பர் மூவர் வந்து, ஏழு நாளும் ஏழு இரவும் வாய் திறவாமல் அவரோடு தரையில் அமர்ந்திருந்தனர். அதுவரை அவர்கள் செய்தது சரி. வாய் திறந்தபோதுதான் தவறினர். நீ ஏதோ பாவம் செய்திருப்பாய், அதற்குத்தான் இந்தத் தண்டனை என்று வாதாடினர். யோபு ஒப்பவில்லை. பிறந்த நாளைச் சபித்தார், இறைவனிடமே வழக்காடினார். முடிவில் இறைவன் சூறாவளியினின்று பேசினார். துன்பத்திற்குக் காரணம் சொல்லவில்லை. ஆனால் யோபுவோடு பேசினார். இறைவனுக்காகப் பரிந்து பேசுவதாக நினைத்த நண்பர்களைக் கடிந்தார். கதறி அழுத யோபுவே சரியாகப் பேசினார் என்று தீர்ப்பளித்தார்.

மந்தை இழந்து நின்ற ஒரு மனிதருக்கு இந்த வரலாறு எப்படி இருந்திருக்கும்! நீலகண்டனின் உள்ளத்தில் இது விதையாய் விழுந்தது.

இந்த இடத்தில் நம் சொந்தக் குறை ஒன்றைச் சொல்லிக்கொள்ள வேண்டும். 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் கடல் பொங்கி, தேவனாம்பட்டினம் முதல் கிள்ளை வரை நம் கரையோர ஊர்களைச் சூறையாடியபோது நாம் இளங்குரு. முகாமில் பிள்ளையைப் பறிகொடுத்த தாய் ஒருவரிடம், எல்லாம் இறைவன் திருவுளம் என்று விளக்கத் தொடங்கினோம். அவர் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். குருமடத்தில் பல ஆண்டுகள் மறையியல் பயின்ற நாம், யோபுவின் நண்பர்கள் செய்த தவற்றையே செய்தோம். சில நாள் கழித்து, விளக்கம் எதுவும் சொல்லாமல், யோபு தம் பிறந்த நாளைச் சபிக்கும் மூன்றாம் அதிகாரத்தை மட்டும் அந்தத் தாயருகே அமர்ந்து மெதுவாக வாசித்தோம். அவர் முதன்முறையாக வாய்விட்டு அழுதார். தாம் சொல்ல அஞ்சியதை வேதத்திலேயே ஒருவர் சொல்லியிருக்கிறார் என்று கண்டதுதான் அவருக்கு ஆறுதல். நூல் புண்ணை ஆற்றும் முறை இதுவென அன்று உணர்ந்தோம். நம் துயரத்திற்கு அது சொல் தருகிறது. இப்படி அழுதவர் நமக்கு முன்னும் உண்டு என்று காட்டுகிறது.

இனி நம் புனிதரிடம் திரும்புவோம். ஆறுதல் பெற்றவர் அத்தோடு நின்றுவிடவில்லை. யோபுவின் இறைவன் யார் என்று மேலும் மேலும் கேட்டறிந்தார். டிலனாய் கொடுத்த கடிதத்தோடு நெல்லைச் சீமையின் வடக்கன்குளம் சென்று, மக்கள் பரஞ்சோதிநாதர் என அழைத்த சேசு சபைக் குரு புத்தாரி அடிகளாரைக் கண்டார். குருவானவர் அவசரப்படாமல் அவரைச் சோதித்து, மறைக்கல்வி அளித்து, 1745ஆம் ஆண்டு மே 14ஆம் நாள் திருமுழுக்கு அளித்தார். இலாசர் என்பதன் பொருளமைந்த தேவசகாயம் என்னும் பெயர் பெற்றார். மனைவியும் ஞானப்பூ என்னும் பெயருடன் திருமுழுக்குப் பெற்றார்.

துயரத்தினின்று மீண்டவருக்கு அடுத்தவர் துயரம் கண்ணில் படுகிறது. சாதிப் படிநிலை கல்லில் செதுக்கியதுபோல் இருந்த அந்நாளில், தேவசகாயம் எல்லாச் சாதியினரோடும் சமமாகப் பழகினார். மனிதர் யாவரும் சமம் என்று போதித்தார். இது உயர்குடியினருக்குப் பொறுக்கவில்லை. 1749ஆம் ஆண்டு பிப்ரவரி 23ஆம் நாள் கைது செய்யப்பட்டார். எருமையின் மீது பின்புறமாக உட்கார வைத்து ஊர் ஊராக இழுத்துச் சென்றனர். அடித்து, புண்ணில் மிளகாய்ப் பொடி தூவி, வெயிலில் நிறுத்தினர். மூன்றாண்டுக் கொடுமை. 1752ஆம் ஆண்டு ஜனவரி 14ஆம் நாள் இரவு ஆரல்வாய்மொழி அருகே காற்றாடி மலையில் அவரைச் சுட்டுக் கொன்றனர். வயது முப்பத்தொன்பது. அவரது உடலின் எச்சங்கள் கோட்டாறு புனித சவேரியார் ஆலயத்தில் அடக்கம் செய்யப்பட்டன. 2012ஆம் ஆண்டு டிசம்பர் 2ஆம் நாள் அருளாளராகவும், 2022ஆம் ஆண்டு மே 15ஆம் நாள் திருத்தந்தை பிரான்சிஸ் அவர்களால் புனிதராகவும் உயர்த்தப்பட்டார்.

இங்கே ஒன்றை நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டும். யோபு நூலின் இறுதியில் யோபுவுக்கு இழந்தவை யாவும் இரண்டு மடங்காகத் திரும்பக் கிடைக்கின்றன. தேவசகாயத்துக்கோ ஒன்றும் திரும்பவில்லை. பதவி போயிற்று, வீடு போயிற்று, கடைசியில் உயிரும் போயிற்று. அப்படியானால் அந்த நூல் அவரை ஏமாற்றிவிட்டதா? இல்லை. மாட்டுக்காகவும் நிலத்துக்காகவும் மனம் ஒடிந்தவர், அதே நூல் தந்த விசுவாசத்தினால், சாட்டைக்கும் துப்பாக்கிக்கும் ஒடியாதவரானார். நூல் அவருடைய இழப்பைக் குறைக்கவில்லை. இழப்பைத் தாங்கும் மனிதரை வளர்த்தது. நல்ல வாசிப்பின் பயன் இதுவே.

யோபு நூலைத் தமிழில் பெற நம் முன்னோர் தொலைவு போக வேண்டியிருக்கவில்லை. சிதம்பரத்திற்குத் தெற்கே உள்ள தரங்கம்பாடியில், லுத்தரன் சபையின் சீகன்பால்கு தொடங்கிய விவிலிய மொழிபெயர்ப்பைச் சூல்ட்சு நிறைவு செய்து, 1728ஆம் ஆண்டுக்குள் அச்சிட்டு முடித்தார். இன்று அது நம் வீடுதோறும் இருக்கிறது. ஆனால் பூட்டிய அலமாரியிலும், பட்டுத்துணி போர்த்திய பீடத்திலும் இருக்கிறது. தானே புயலில் பலா மரமும் முந்திரித் தோப்பும் சாய்ந்து, பண்ணுருட்டிப் பக்கத்து உழவர்கள் கலங்கி நின்ற 2011ஆம் ஆண்டு இறுதியிலும், 2015ஆம் ஆண்டு வெள்ளத்திலும் எத்தனை வீடுகளில் அது திறக்கப்பட்டது?

ஆகவே, இந்த யூபிலி ஆண்டில் நாம் வேண்டுவது இது. துக்க வீட்டுக்குப் போகும்போது விளக்கம் கொண்டு போகாதீர்கள். முதலில் பேசாமல் உடன் அமருங்கள். அவர்கள் விரும்பும்போது, யோபு நூலோ திருப்பாடல் ஒன்றோ, ஒரு நாளைக்கு ஒரு பகுதியாக, வாய்விட்டு, நிதானமாக வாசியுங்கள். எழுத்தறியாத பாட்டிக்குப் பேரப்பிள்ளை வாசிக்கட்டும். அதில் இருவரும் வளர்வார்கள். புனிதர் வரலாறுகளும் நல்ல கதைகளும்கூட மருந்தாகும். எனினும் உறக்கமும் உணவும் அற்று, உயிர் வாழவே வெறுத்துப்போன ஒருவருக்கு நூல் மட்டும் போதாது. அவரைத் தயங்காமல் மனநல மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். நூல் துணையே அன்றி, மருத்துவருக்கு மாற்று அன்று.

கலங்கிய முகத்தைக் கண்டு நின்றவர் ஒருவர், கையில் இருந்தது ஒரு நூல். இவ்வளவே நட்டாலத்து நீலகண்டனுக்குக் கிடைத்தது. நம் பங்கில் முகம் வாடியிருப்பவர் யார் என்று நாமும் சற்றே நின்று பார்ப்போமாக. புனித தேவசகாயம் நமக்காக மன்றாடுவாராக.

யூபிலி நல்வாழ்த்துகளுடனும் இறையாசீருடனும்,
உங்கள் பங்குத் தந்தை