புனித மாக்சிமிலியன் கோல்பே

போலந்தில் 1894 ஜனவரி 8 அன்று ஏழை நெசவாளர் குடும்பத்தில் பிறந்தவர் புனித மாக்சிமிலியன் கோல்பே. அப்போது போலந்து என்ற நாடே உலகப் படத்தில் இல்லை. மூன்று பேரரசுகள் அதைப் பங்கிட்டிருந்தன. 123 ஆண்டுகளுக்குப்பின் 1918-இல் அது விடுதலை பெற்றது. அடுத்த ஆண்டு பிரான்சிஸ்கன் சபைக் குருவாக, உரோமையிலிருந்து கோல்பே தாயகம் திரும்பினார்.

உடலைக் காசநோய் வாட்டியது, கையில் பணமில்லை. ஆயினும் 1922-இல் அமல அன்னையின் பெயரால் மாத இதழ் தொடங்கினார். 1927-இல் வார்சாவுக்கு அருகே அன்னையின் நகரை நிறுவினார். அங்கே துறவற சகோதரர்களே அச்சுக் கோத்து, இயந்திரம் ஓட்டினர். தொழிற்சாலை உழைப்பை அறிந்த நம் அம்பத்தூர், ஆவடி மக்களுக்கு அதன் அருமை தெரியும். 1930-இல் நாகசாகி சென்ற அவர், 1932-இல் எர்ணாகுளம் வந்து, நம் நாட்டிலும் அத்தகைய நகர் அமைக்க முயன்றார். அவர் காலத்தில் அது கைகூடவில்லை.

ஓர் உண்மையை மறைக்கலாகாது. 1935-இல் அந்நகரில் தொடங்கிய நாளிதழ் யூதர்மீது வெறுப்பைப் பரப்பியது. அடிகளார் அப்போது ஜப்பானில் இருந்தார். வெறுப்பைத் தூண்டாதிருக்கக் கடிதம் எழுதி அறிவுறுத்தினார். ஆயினும் அக்காலத் தப்பெண்ணம் அவருடைய எழுத்திலும் சில இடங்களில் படிந்திருந்தது.

1939-இல் போர் மூண்டது. அகதிகளாய் வந்த ஆயிரக்கணக்கானோருக்கு மடத்தின் கதவு திறந்தது. அவர்களில் யூதரும் பலர். 1941 பிப்ரவரியில் கைதாகி, மே மாதம் அவுஷ்விட்ஸ் முகாமில் 16670-ஆம் எண் கைதியானார். பட்டினிச் சாவுக்குக் குறிக்கப்பட்ட பதின்மரில் ஒருவர் தம் மனைவி மக்களை நினைத்துக் கதறவே, அவருக்குப் பதிலாகத் தாமே முன்வந்தார். ஆகஸ்ட் 14 அன்று, விண்ணேற்பு விழாவின் முந்தைய நாள், விஷ ஊசியால் கொல்லப்பட்டார். உயிர் தப்பிய அந்தத் தகப்பனார், 1982 அக்டோபர் 10 அன்று திருத்தந்தை இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் கோல்பேயைப் புனிதராக உயர்த்தியதைக் கண்ணாரக் கண்டார்.

போருக்குப்பின் வந்த பொதுவுடைமை ஆட்சி, இரு போர்களுக்கும் இடைப்பட்ட போலந்தை இருண்ட காலமென்றே போதித்தது. 1989-இல் அவ்வாட்சி நீங்கியபின் பலர் அதையே பொற்காலமாகப் போற்றினர். இன்று வரலாற்றாசிரியர் பலர் நிறை குறை இரண்டையும் சேர்த்தே எடைபோடுகின்றனர்.

அன்பான பங்கு மக்களே, யூபிலி என்பது நன்றியோடு திரும்பிப் பார்க்கும் காலம், பாவசங்கீர்த்தனத்தின் காலமுங்கூட. புனிதரின் காலத்துக் குறையை மூடி மறைப்பது அவருக்குப் பெருமை சேர்க்காது. குறையுள்ள சமுதாயத்தில் பிறந்தவர், பிறனுக்காக உயிரையே கொடுக்கும் அளவுக்கு அன்பில் வளர்ந்தார் என்பதே நமக்கு நம்பிக்கை. நம் தெருவிலும் சாதியால், மொழியால், மதத்தால் ஒதுக்கப்பட்டவருக்கு நம் கதவு திறக்கட்டும்.

புனித மாக்சிமிலியனே, எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்.