மக்கள் வளர்த்த கல்விக்கூடம்: டாக்டர் ஜாகிர் உசேன்

இந்தியக் குடியரசின் மூன்றாவது தலைவராக டாக்டர் ஜாகிர் உசேன் அவர்களை நாம் அனைவரும் அறிவோம். இளையான்குடியில் அப்பெருமகனாரின் பெயர் தாங்கிய கல்லூரி ஒன்று விளங்குவதையும் அறிவோம். ஆயினும், உயர்பதவிகள் அவரைத் தேடி வருவதற்கு முன்னர், வறுமையில் வாடிய ஒரு கல்விக்கூடத்திற்கு அவர் ஈந்த இருபத்திரண்டு ஆண்டுகளை நம்முள் பலர் அறியோம். கல்லூரிக்கும் அதனைச் சூழ்ந்து வாழும் மக்களுக்கும் உள்ள உறவு யாது என்னும் வினாவுக்கு அவ்வாண்டுகளே விடை பகர்கின்றன.

1897 பிப்ரவரி 8ஆம் நாள் ஐதராபாத்தில் பிறந்த அவர், இளமையிலேயே தந்தையையும் தாயையும் அடுத்தடுத்து இழந்தார். இட்டாவாவில் பள்ளிக் கல்வியை முடித்து அலிகர் கல்லூரியில் சேர்ந்தார். 1920இல் ஒத்துழையாமை இயக்கத்தின் அழைப்பினை ஏற்று மாணவர் பலர் அக்கல்லூரியை விட்டு வெளியேறியபோது அவரும் வெளியேறினார். அவ்வாண்டு அக்டோபர் 29ஆம் நாள் அலிகரில் தோன்றியதே ஜாமிஆ மில்லியா இஸ்லாமியா. ஆங்கில அரசின் உதவியை நாடாமல் இயங்க வேண்டும் என்பது அதன் கொள்கை.

1922இல் அவர் ஜெர்மனி சென்று பெர்லினில் பொருளியல் ஆய்வு மேற்கொண்டார். அக்காலத்தில் கிலாபத் இயக்கம் தளர்ந்தது. ஜாமிஆவின் வருவாயும் வறண்டது. நிறுவனத்தை மூடிவிடலாம் என்ற பேச்சு எழுந்தது. செய்தியறிந்த ஜாகிர் உசேன், நண்பர்களாகிய ஆபித் உசேன், முஹம்மது முஜீப் ஆகியோருடன் சேர்ந்து, தங்கள் வாழ்நாளை அதற்கே அளிக்க விழைவதாகவும் அதனை மூடலாகாதென்றும் தெரிவித்தார். மூவரும் 1926இல் தாயகம் திரும்பினர். டெல்லி கரோல்பாக்கிற்கு இடம் மாறியிருந்த ஜாமிஆவின் துணைவேந்தர் பொறுப்பினை ஏற்றபோது அவருக்கு அகவை 29.

1927 இறுதியில் ஜாமிஆவைத் தாங்கி நின்ற ஹகீம் அஜ்மல்கான் மறைந்தார். கடன் சூழ்ந்தது. அந்நிலையில், 1928இல், ஆசிரியர்கள் ஓர் உறுதிமொழி ஏற்றனர். இருபது ஆண்டுகள் ஜாமிஆவிலேயே பணிபுரிவது, திங்களுக்கு ரூ.150க்கு மேல் ஊதியம் பெறுவதில்லை. அத்தொகையும் கைக்கு முழுமையாக வந்ததில்லை. துணைவேந்தரின் இல்லத்திலும் அதே பற்றாக்குறைதான்.

இனி யாரிடம் கையேந்துவது? அவர் பொதுமக்களை நாடினார். ஜாமிஆவின் அன்பர்கள் என்னும் பொருளில் ‘ஹம்தர்தானே ஜாமிஆ’ என்ற அமைப்பு உருவாயிற்று. எளியோரும் தம்மால் இயன்ற சிறுதொகை அளித்தனர். சில செல்வர்களின் தயவில் நின்ற கல்விக்கூடம் பலரின் உடைமையாயிற்று. பெற்றதற்கு ஈடாகத் தருவதும் தொடங்கிற்று. முதியோர்க்கு மாலை வகுப்புகள் நடந்தன. 1938இல் ஷபீகுர் ரஹ்மான் கித்வாய் பொறுப்பில் முதியோர் கல்விக்கெனத் தனி அமைப்பே எழுந்தது. புதிதாக எழுத்தறிந்தோர்க்கு எளிய உருது நூல்கள் வெளிவந்தன. தொடக்கப்பள்ளிச் சிறுவர் தாமே கடையும் வங்கியும் நடத்திக் குடிமைப் பொறுப்பினைப் பயின்றனர். 1935 மார்ச் 1ஆம் நாள் ஓக்லாவில் புதிய கட்டடத்திற்கு அடிக்கல் நாட்டியவர் அரசரோ அமைச்சரோ அல்லர். ஜாமிஆவின் மிக இளைய மாணவர்!

எதிர்ப்பும் இல்லாமலில்லை. 1937இல் வார்தா கல்வித் திட்டக் குழுவிற்கு அவர் தலைமை ஏற்றார். கைத்தொழில் வழியே கல்வி என்னும் அத்திட்டம் அவருடைய சமுதாயத்தாரிடையிலேயே கடும் கண்டனத்திற்கு உள்ளாயிற்று. அவர் சினங்கொள்ளவில்லை, பணியையும் நிறுத்தவில்லை.

1946 நவம்பரில் வெள்ளிவிழா நடந்தது. எதிரெதிர் அணியினராகிய நேரு, ஆசாத், ஜின்னா ஆகியோரை ஒரே மேடையில் அமர்த்தி, நாட்டில் மூண்டுவரும் பகைத்தீயை அணைக்குமாறு அவர் மன்றாடினார். தீ அணையவில்லை. 1947இல் ஜலந்தர் இரயில் நிலையத்தில் அவருடைய உயிருக்கே கேடு நேர இருந்தது. சீக்கிய இராணுவ அதிகாரி ஒருவரும் இந்து இரயில்வே அலுவலர் ஒருவரும் அவரைக் காத்தனர். கரோல்பாக்கில் ஜாமிஆவின் உடைமைகள் தீக்கிரையாயின. அந்நாளிலும் ஜாமிஆவினர் அகதி முகாம்களில் தொண்டாற்றினர். மக்கள் தந்த காசில் வளர்ந்தவர்கள், மக்கள் துயருற்றபோது கதவடைத்துக் கொள்ளவில்லை.

1948 முதல் 1956 வரை அலிகர் பல்கலைக்கழகத் துணைவேந்தர், பின்னர் பீகார் ஆளுநர், 1962இல் குடியரசுத் துணைத்தலைவர், 1967இல் குடியரசுத் தலைவர் எனப் பதவிகள் தொடர்ந்தன. 1963இல் பாரத ரத்னா விருதும் பெற்றார். 1969 மே 3ஆம் நாள் மறைந்த அவர், ஜாமிஆவின் மண்ணிலேயே துயில்கின்றார்.

நம் கல்லூரிகள் பலவும் வள்ளல்களின் கொடையாலும், பெயர் எழுதப்படாத எளியோரின் காசாலும் எழுந்தவையே. அக்கடனைத் தேர்வு முடிவுகளால் மட்டும் தீர்த்துவிட இயலுமா? நம் வளாகத்தின் வாயிலுக்கு எதிரே எழுத்தறியாத ஒருவர் இருக்கும் வரை நம் பணி முற்றுப்பெறவில்லை என்பதை மாணவரும் ஆசிரியரும் சமுதாயப் பெரியோரும் உணர்வோமாக!