மூலிகையை ஆய்வக மேசைக்குக் கொண்டு வந்த கர்னல்

ஹாஸ்டல்ல யாராவது ரெண்டு தடவை இருமினா போதும், பக்கத்து ரூம்ல இருந்து ஒரு லேகிய டப்பா வந்துடும். மூலிகை தானே, ஒண்ணும் பண்ணாதுங்கிற உத்தரவாதமும் கூடவே வரும். அந்த உத்தரவாதத்தைக் கண்ணை மூடிட்டு ஏத்துக்காத ஒருத்தரைப் பத்தித்தான் இப்போ படிக்கப் போறீங்க. பார்மஸி படிக்கிற நண்பர்கள் இருந்தா கேட்டுப் பாருங்க, இந்திய மருந்தியலின் தந்தைன்னு சொல்வாங்க. பேர், ராம்நாத் சோப்ரா.

1882-ல் குஜ்ரன்வாலாவில் பிறந்தவர். அந்த ஊர் இப்போ பாகிஸ்தான்ல இருக்கு. கேம்பிரிட்ஜில் மருத்துவம், 1908-ல் இந்திய மருத்துவப் பணி, அப்புறம் உலகப்போர். 1921-ல் கல்கத்தா வெப்பமண்டல மருத்துவப் பள்ளியில் மருந்தியல் பேராசிரியர் ஆனார். நம்ம கதை அங்கதான் ஆரம்பிக்குது.

நாட்டு மருந்துன்னாலே அப்பவும் ரெண்டு கட்சி. முன்னோர் சொன்னதைச் சோதிக்கவே கூடாதுன்னு ஒண்ணு, எல்லாமே மூடநம்பிக்கைன்னு இன்னொண்ணு. சோப்ரா ரெண்டுலயும் சேரலை. செடியிலிருந்து சாரம் எடு, அதில் வேலை செய்யும் பொருளைப் பிரி, முதல்ல விலங்குக்குக் கொடுத்துப் பார், அப்புறம்தான் மனுஷனுக்கு. இதுதான் அவர் வழி.

அந்தக் காலத்து மருந்தியல் செட்டப் எப்படி இருக்கும் தெரியுமா? மெக்கானிக்கல் பசங்களுக்குக் கண்டிப்பா பிடிக்கும். மயக்கத்தில் இருக்கும் பூனை அல்லது நாயின் கழுத்துத் தமனியில் ஒரு குழாய். அதன் மறுமுனையில் பாதரச மானோமீட்டர். பாதரசத்து மேல மிதக்கிற முள், கரிப்புகை படிந்த காகிதம் சுற்றிய உருளையில் ரத்த அழுத்தத்தைக் கோடாகக் கீறிட்டே போகும். மருந்து உள்ளே போனதும் கோடு சரியுதா, எந்த டோஸில் மூச்சு திணறுதுன்னு பார்ப்பாங்க. அந்த உயிர்கள் கொடுத்த விலை சின்னது இல்லை.

சர்ப்பகந்தா வேரை எடுத்துக்குங்க. உயர் ரத்த அழுத்தத்துக்கும் மனநோய்க்கும் அது உதவுதுன்னு 1931-ல் கல்கத்தாவின் கணநாத் சென்னும் கார்த்திக் சந்திர போஸும் எழுதினாங்க. 1933-ல் சோப்ரா குழு அதன் ஆல்கலாய்டை விலங்குகளில் சோதிச்சு, ரத்த அழுத்தம் இறங்குறதைக் காட்டியது. 1952-ல் சுவிட்சர்லாந்தின் சீபா கம்பெனி அதே வேரிலிருந்து ரெசர்பின் பிரிச்சதும் உலகமே வாங்கிச் சாப்பிட்டது. கொஞ்ச வருஷத்தில் சில நோயாளிகள் கடுமையான மனச்சோர்வில் விழுறதை டாக்டர்கள் பார்த்தாங்க. விலங்கு ரத்த அழுத்தத்தைக் காட்டும், மனசு கனமா இருக்குன்னு வாய்விட்டுச் சொல்லாதே!

சரி, நூற்றாண்டுக்கணக்கா சாப்பிடுறாங்களே, அதுவே சோதனை இல்லையான்னு நீங்க கேட்கலாம். சாப்பிட்ட அன்னிக்கே ஒருத்தர் சுருண்டு விழுந்தா ஊருக்கே தெரியும். ஆறு மாசம் கழிச்சு ஈரல் கெட்டா, அதை யார் அந்தச் சூரணத்தோட முடிச்சுப் போடுவாங்க? இப்போ எலிகளுக்கு 90 நாள் தினமும் கொடுத்து, கடைசியில் ஈரலையும் சிறுநீரகத்தையும் நுண்ணோக்கியில் பார்க்கிறது அதுக்குத்தான்.

1930-ல் அரசு, மருந்து விசாரணைக் குழுவுக்கு சோப்ராவைத் தலைவராக்கியது. போலி மருந்தும் கலப்பட மருந்தும் கேள்வி கேட்பாரில்லாம வித்துட்டிருந்த காலம். நாடு முழுக்க ஒரே சட்டமும் சோதனைக்கூடங்களும் வேணும்னு குழு சொன்னது. 1940-ல் மருந்துச் சட்டம் வந்தது. ஆனா ஆயுர்வேத, யுனானி முறைக்கு மட்டுமே உரிய மருந்துகளை அதில் வெளியே விட்டுட்டாங்க! அவற்றுக்குத் தனி அத்தியாயம் சேர்க்க 1964 ஆச்சு.

1941-ல் கல்கத்தாவை விட்டுக் கிளம்பின சோப்ரா, ஓய்வெடுக்காம ஜம்முவில் மருந்து ஆராய்ச்சிக்கூடத்தை நடத்தினார். 1973-ல் காலமானார். பழைய நூலில் உள்ள செய்முறைப்படி, அதே நோய்க்குன்னு தயாரிக்கிற ஆயுர்வேத, சித்த மருந்துகள் பலதுக்கு, உரிமம் வாங்க இன்னிக்கும் விலங்குச் சோதனை கட்டாயம் இல்லை.