முதல் பெண் நீதிபதி அன்னா சாண்டி

கடலுக்குப் போவது ஆண்கள், கரையில் மீன் விற்பது பெண்கள் என்று நம் வேம்பாரில் வழிவழியாக வேலை பிரிந்திருக்கிறது. நீதிமன்றமும் ஒரு காலத்தில் ஆண்களுக்கே உரியதாய் இருந்தது. அங்கே துணிந்து நுழைந்து, நம் நாட்டின் முதல் பெண் நீதிபதியாக உயர்ந்தவர் அன்னா சாண்டி அம்மையார்.

1905-ஆம் ஆண்டு சிரியன் கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்த அவர், திருவனந்தபுரத்தில் வளர்ந்தார். பிற்காலத்தில் கத்தோலிக்கத் திருமறையைத் தழுவினார். அந்நாளில் திருவனந்தபுரம், திருவிதாங்கூர் சமஸ்தானத்தின் தலைநகரம். இன்றைய கன்னியாகுமரி மாவட்டமும் அச்சமஸ்தானத்தைச் சேர்ந்ததே. அங்கே சட்டப் பட்டம் பெற்ற முதல் பெண்மணி இவரே. 1929-இல் வழக்கறிஞராகி, குற்றவியல் வழக்குகளில் பெயர் பெற்றார்.

பெண்களுக்கு அரசாங்க வேலை எதற்கு, வீட்டைப் பார்த்துக்கொண்டால் போதாதா என்று பெரியவர்கள் மேடையில் பேசிய காலம் அது. 1928-இல் அம்மையார் அதே போன்ற மேடையில் ஏறி, நீதிமன்றத்தில் வாதாடுவது போல ஒவ்வொரு கருத்துக்கும் மறுமொழி கூறினார். பெண்களுக்காக 'ஸ்ரீமதி' என்னும் பத்திரிகையையும் நடத்தினார்.

1931-இல் ஸ்ரீமூலம் மக்கள் சபைத் தேர்தலில் நின்றபோது, எதிராளிகளும் சில பத்திரிகைகளும் அவர்மீது அவதூறு கூறினர். அவர் சோர்ந்து விடவில்லை. 1932 முதல் 1934 வரை அச்சபையில் உறுப்பினராக இருந்தார்.

அவருடைய ஒரு கருத்து எங்களை வெகுவாகச் சிந்திக்க வைத்தது. திருவிதாங்கூரில் பெண்களுக்கு மட்டும் தூக்குத் தண்டனையிலிருந்து விலக்கு அளிக்கப்பட்டபோது, அவர் அதை எதிர்த்தார். சம உரிமை கேட்பவர்கள் தனிச் சலுகை கேட்கக் கூடாது என்பது அவர் எண்ணம். மரண தண்டனையே வேண்டாம் என்று நம்மில் பலர் நினைக்கலாம். ஆயினும், தமக்குச் சாதகமான சலுகையையும் வேண்டாம் என்று சொல்லும் நேர்மையை மதிக்காமல் இருக்க முடியாது.

1937-இல் திவான் சர் சி. பி. ராமசாமி ஐயர் அவரை முன்சீப்பாக நியமித்தார். 1948-இல் மாவட்ட நீதிபதியானார். 1959 பிப்ரவரி 9-ஆம் நாள் கேரள உயர்நீதிமன்ற நீதிபதியாகி, 1967 வரை பணியாற்றினார். இங்கிலாந்தில் ஒரு பெண் உயர்நீதிமன்ற நீதிபதியானது 1965-இல்தான்! ஓய்வுக்குப் பின் சட்டக் கமிஷனிலும் தொண்டாற்றி, 1996-இல் காலமானார்.

அவர் ஏற்றிய விளக்கு அவரோடு அணையவில்லை. பத்தனம்திட்டாவைச் சேர்ந்த ஒரு தந்தை அம்மையாரின் உயர்வைக் கண்டு, தம் மகளையும் சட்டம் படிக்க வைத்தார். அம்மகளே, 1989-இல் உச்சநீதிமன்றத்தின் முதல் பெண் நீதிபதியான பாத்திமா பீவி. பின்னாளில் நம் தமிழ்நாட்டின் ஆளுநராகவும் இருந்தார்.

பத்தாம் வகுப்போடு படிப்பு போதும் என்ற பேச்சு நம்மில் சிலர் வீட்டில் இன்றும் கேட்கிறது. அன்புப் பெற்றோரே, அந்தத் தந்தையை நினைத்துப் பாருங்கள். தோழியரே, சலுகை கேளாமல் உழைத்த அன்னா சாண்டி அம்மையாரை நினைத்து, நாமும் நன்கு படிப்போம்.

— பத்தாம் வகுப்பு மாணவி